பழைய வீட்டுச் சுவர் ஓதமும் எதிர்வீட்டு ஆச்சியும்

கேள்வி: சென்னையில் அடுக்குமாடி வீட்டிலேயே வருஷக்கணக்கில் இருந்து பழகியவர்கள் நாங்கள். கணவருக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்ததும், பாளையங்கோட்டையில் கோபாலசாமி கோயில் பக்கம் ஒரு பழைய வீட்டை விலைக்கு வாங்கி ஆவணியில் குடிவந்தோம். திண்ணை, நடை, தார்சா, நடுவில் முற்றம், புறவாசலில் கிணறு என்று நீளமான வீடு. பார்த்ததும் பிடித்துப்போய்தான் வாங்கினோம். மழை தொடங்கியதும் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து உதிர்கிறது. கொத்தனார் எல்லாச் சுவரையும் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டச் சொல்கிறார். தரைக்கும் டைல்ஸ், முற்றத்துக்கு மேலே ஷீட், திண்ணைக்குக் கம்பிக் கதவு, எல்லாம் சேர்த்து ஆறு லட்சம் ஆகுமாம். ஏழு வயது மகனுக்கு மழை நாட்களில் இளைப்பு வருகிறது. தெருவில் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் எதிர்வீட்டு ஆச்சி, வீட்டை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதிலிருந்து இன்றைக்கு என்ன குழம்பு என்பது வரை கேட்கிறார். யார் யாரோ நம் திண்ணையில் வந்து உட்காருகிறார்கள். தசராவின்போது ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. பேசாமல் விற்றுவிட்டுப் பெருமாள்புரம் பக்கம் ஃப்ளாட் வாங்கிப் போய்விடலாமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பழைய வீடுகளைச் செப்பனிடும் கட்டடப் பொறியாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகன் விஷயம். மற்றதெல்லாம் காத்திருக்கும், அது காத்திருக்காது. ஓதம் ஏறிய சுவரில் பூஞ்சை பிடிக்கும், அது இளைப்பைக் கூட்டும். வீட்டில் எந்த அறை காய்ந்திருக்கிறதோ அந்த அறையில் அவனைப் படுக்க வையுங்கள். மச்சு இருந்தால் மச்சு நல்லது. கட்டிலைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். சுவரை ஒட்டி பீரோவோ துணி அடுக்கோ இருந்தால் அதையும் நகர்த்துங்கள். அதன் பின்னால் காற்றே போகாது, பூஞ்சை அங்கேதான் குடியிருக்கும். மருத்துவரிடம் போகும்போது வீட்டுச் சுவர் இப்படி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். இந்த வீட்டில் மழைக்காலத்தில் பையன் இருக்கக்கூடாது என்று அவர் சொன்னால், ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்கு மட்டும் வேறு வீடு வாடகைக்குப் பிடியுங்கள். பழைய வீட்டின் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் ஒரு குழந்தையின் மூச்சைவிட அது பெரிதில்லை.

இனி சுவர். உங்கள் வீடு எந்த வருஷம் கட்டியது என்று எழுதவில்லை. பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல்லுக்கு நடுவே இருக்கும் சாந்தை ஒரு சாவியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாக மாவு மாதிரி உதிர்ந்தால் சுண்ணாம்புச் சாந்து. சாவி வழுக்கிக்கொண்டு போனால் சிமெண்ட். நீங்கள் சொல்லும் அமைப்பை வைத்துப் பார்த்தால் சுண்ணாம்பாகத்தான் இருக்கும்.

சுண்ணாம்புச் சுவருக்கு அடியில், இன்றைய வீடுகளில் போடுவதுபோல் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணில் இருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும், பூச்சு வழியாக வெளியே வந்து காற்றில் காய்ந்துபோகும். கட்டியவர்கள் இதைத் தெரிந்துதான் கட்டினார்கள். ஏறுகிற ஈரமும் காய்கிற ஈரமும் சரிசமமாக இருக்கும்வரை சுவர் நன்றாக இருக்கும். உங்கள் வீட்டில் ஏறுவது கூடியிருக்கிறது, இல்லையென்றால் காய்வது குறைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

இந்த நிலையில் சிமெண்ட் பூசினால், வேர்த்த உடம்பில் ரெயின்கோட் மாட்டிவிட்ட கதைதான். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். நாலடிக்கு டைல்ஸ் ஒட்டினால் ஐந்தாவது அடியில் பூச்சு பொரியும். பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவராக இருந்தால் அவர்கள் பக்கம் போய் வெளிப்படும், அதோடு உங்களுக்கும் அவர்களுக்கும் மனத்தாங்கல் ஆரம்பிக்கும். இதைவிட எனக்குப் பயம் மரத்தைப் பற்றித்தான். உத்திரங்களின் முனைகள் சுவருக்குள் பதிந்திருக்கின்றன. மேலே ஏறிய ஈரம் அந்த முனைகளை வந்து சேர்ந்தால், வெளியே பார்க்க உத்திரம் கல் மாதிரி இருக்கும், உள்ளே மக்கிக்கொண்டிருக்கும். நான் திறந்து பார்த்த வீடுகளில் மோசமாகப் பழுதான உத்திர முனைகள் பெரும்பாலும் சிமெண்ட் பூசிய சுவர்களில்தான் இருந்தன. தரைக்கு டைல்ஸ் போடுவதும் இதே வேலையைத்தான் செய்யும். தரை வழியாக வெளியேறிக்கொண்டிருந்த ஈரமும் சுவரைத் தேடிப் போகும்.

அதனால் கொத்தனாரின் பட்டியலில் சுவர், தரை இரண்டையும் இப்போதைக்கு அடித்துவிடுங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

வாசலுக்கு வந்து தெருவில் நின்று உங்கள் வீட்டுப் படியைப் பாருங்கள். எத்தனை படி தெரிகிறது? பாளையங்கோட்டையின் பழைய தெருக்களில், தரையோடு தரையாக ஒரே ஒரு படி மட்டும் தெரியும் வீடுகள் நிறைய. கட்டும்போது மூன்று நான்கு படி ஏறித்தான் திண்ணைக்கு வந்திருப்பார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் புது ரோடு போட்டதில் தெரு உயர்ந்துவிட்டது. மழைத் தண்ணீர் திண்ணை அடியிலேயே நிற்கிறது. திண்ணை இருப்பதால் அந்தத் தண்ணீர் நேராக முன்சுவரில் படவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே திண்ணையை இடித்து பைக் நிறுத்த இடம் பண்ணலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்து புறவாசல். கிணற்றைச் சுற்றியும் சுவரை ஒட்டியும் யாராவது கான்கிரீட் போட்டிருக்கிறார்களா? முன்பு மண்தரையாக இருந்தபோது அந்த ஈரம் மேலேயே காய்ந்தது. கான்கிரீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அதற்கு இருக்கும் ஒரே வழி உங்கள் சுவர். சுவரோரமாக ஓரடி அகலத்துக்கு அந்தக் கான்கிரீட்டை உடைத்தெடுத்து, ஆழம் போகாமல் மேலாக ஒரு வாய்க்கால் வெட்டி, உடைகல் நிரப்பி, தண்ணீர் ஓடைப் பக்கம் வடியும்படி வாட்டம் கொடுக்க வேண்டும். ஆழம் போகாமல் என்பதை மறந்துவிடாதீர்கள். பழைய வீடுகளின் அஸ்திவாரம் சில இடங்களில் ஆச்சரியப்படும் அளவுக்கு மேலேயே நின்றுவிடும்.

பின்னாளில் கட்டிய குளியலறை, கழிப்பறை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ராத்திரி எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு மேல்தொட்டித் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் சுவருக்குள் எங்கோ குழாய் ஒழுகுகிறது. ஓதம் சுவர் முழுக்க ஒரே உயரத்தில் கோடு போட்டதுபோல் இருந்தால் தரையிலிருந்து ஏறுவது. ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் குழாய். மேலிருந்து கீழே வழிந்த தடம் இருந்தால் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடித் தளத்தில் விரிசல், இல்லையென்றால் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கும். கன்றைப் பிடுங்காதீர்கள். வேரோடு செங்கல்லும் வந்துவிடும். வெட்டிவிட்டு, வேரைச் சாகடித்து, பிறகு அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். தட்டட்டி ஒழுகுகிறது என்று மேலே கான்கிரீட் போடச் சொல்லி இன்னொருவர் வருவார். அந்தப் பாரத்தையும் கீழே உள்ள மரக்கட்டைகள்தான் சுமக்க வேண்டும். தட்டோட்டின் இடுக்குகளைச் சுண்ணாம்பால் அடைத்தாலே பெரும்பாலும் போதும்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது இனிமேல்தான். இந்த வீட்டை ஆவணியிலிருந்து மார்கழி வரைதான் பார்த்திருக்கிறீர்கள். நம் ஊருக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு வருவது ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள். ஒரு சுண்ணாம்புச் சுவரை அதன் மோசமான பருவத்தில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதப் பார்க்கிறீர்கள். பங்குனி, சித்திரை வெயில் வரட்டும். வெளியே அனல் அடிக்கும்போது தார்சாவில் உட்கார்ந்து பாருங்கள். ஒன்றரையடிச் சுவரைத் தாண்டி வெயில் உள்ளே வரப் பொழுது சாய்ந்துவிடும். காலை பத்து மணிக்கு ஜன்னல்களைச் சாத்தி, சாயங்காலம் திறந்துவிடுவது உங்கள் தெருவில் எல்லாரும் செய்வதுதான், கவனித்திருப்பீர்கள். அதற்கப்புறம் ஆனி, ஆடி. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரலைக் கொடுத்துவிட்டு, நம் பக்கம் வெறும் காற்றாக வந்து சேரும். அந்தக் காற்றில் காயாத சுவர் கிடையாது. ஆடியிலும் ஒரு சுவர் நனைந்திருந்தால் அதற்குக் காரணம் மழை இல்லை. அங்கே குழாயோ ஓடையோ கசிகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். எந்த மீட்டரை வைத்து அளந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

ஆகவே இப்போது தண்ணீர் வரும் வழிகளை மட்டும் சரிசெய்யுங்கள். சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் ஏந்தி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போகும். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருந்தால், பொரிந்த இடங்களில் சுரண்டிவிட்டுச் சுவரை அப்படியே விட்டுவையுங்கள். பார்க்க நன்றாக இருக்காது. விருந்தாளிகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

ஆடிக் காற்று அடங்கி ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் கிடைக்கும் ஆவணி, புரட்டாசிதான் பூச்சுக்கு நல்ல சமயம். நீர்த்த சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரமாவது தொட்டியில் தண்ணீருக்கு அடியில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்து அரைப்பது வழக்கம். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விடுவார்கள். ஒரேயடியாகக் கனமாக அப்பாமல் மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றும் இறுகச் சில நாள் விட வேண்டும். காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் சுண்ணாம்பு இறுகும், அவசரப்படுத்த முடியாது. வெயில் நேராகப் படும் சுவருக்கு நனைத்த சாக்குத் தொங்கவிடுங்கள். உப்பு ஏறிய சுவரில் முதல் பூச்சு சில வருஷத்தில் கொஞ்சம் உதிரும். அந்த உப்பை வாங்கிக்கொண்டு உதிர்வதுதான் அதன் வேலை, அந்த இடத்தில் மட்டும் திரும்பப் பூசினால் போதும்.

முற்றத்துக்கு ஷீட் போடாதீர்கள். வீட்டின் சூடும் அடுக்களைப் புகையும் மேலே போவது அந்த வழியாகத்தான். திருடன் பயம் என்றால் மேலே கம்பிக் கிராதி போடுங்கள், கொசுவுக்கு வலை கட்டுங்கள், வானம் திறந்தே இருக்கட்டும். உள்ளறை இருட்டு என்றால், ஓட்டுக்கூரை இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு மாட்டினால் வெளிச்சம் வந்துவிடும். சிவப்புத் தரை மங்கியிருந்தால் நன்றாகத் துடைத்துவிட்டு லேசாகத் தேங்காயெண்ணெய் தேய்த்து விடுங்கள்.

ஒன்றை மட்டும் இந்த மாதமே செய்துவிடுங்கள். பழைய மின்வயர்கள் இருந்தால் முழுக்க மாற்றி, மின்கசிவு வந்தால் தானாக நிறுத்தும் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். ஈரச் சுவரில் பழைய வயர் இருக்கும் வீட்டில் நான் கையை ஊன்றக்கூட மாட்டேன்.

சரி, தெருவுக்கு வருவோம்.

ஆச்சி கேட்கும் கேள்விகள் உங்களைச் சங்கடப்படுத்துகின்றன, புரிகிறது. விலையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. “ஊர் விலைதான் ஆச்சி” என்று சிரித்துவிட்டுப் போகலாம், அவரும் விட்டுவிடுவார். குழம்பைப் பற்றிக் கேட்பது வேவு பார்ப்பதற்காக இல்லை, அது நம் பக்கத்துக் குசலம். ஆனால் உங்களிடம் இருக்கும் கேள்விகளுக்கு அவரைவிட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது என்பதை யோசித்தீர்களா? வாசலில் முன்பு எத்தனை படி இருந்தது, கிணற்றில் சித்திரையில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கும், அந்தக் குளியலறையை எப்போது கட்டினார்கள், பழைய ஓடை எந்தப் பக்கம் போனது, அதை யார் மூடினார்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரைபுரண்டு கொக்கிரகுளமும் வண்ணார்பேட்டையும் வெள்ளக்காடானது. அன்றைக்கு உங்கள் தெருவில் தண்ணீர் எங்கே வரை வந்தது, எந்த வீட்டுக்குள் புகுந்தது, எத்தனை நாளில் வடிந்தது? வீட்டை விற்றவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார், எந்தப் பத்திரத்திலும் இருக்காது. ஆச்சி சுவரைத் தொட்டே காட்டுவார்.

பழைய வீட்டு வேலைக்கு என்னைக் கூப்பிட்டால் அளவெடுக்கும் டேப்பை வெளியே எடுப்பதற்கு முன்னால் நான் எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் பேசிவிடுவது இதனால்தான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையும் பெரும்பாலும் இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். “அந்தக் கோயில் மதிலுக்குப் பூசினாரே, அவர் மகன் இருக்கான்” என்று யாராவது சொல்வார்கள். அந்த மகனைத் தேடிப் போங்கள்.

திண்ணைக்குக் கம்பிக் கதவு போடுவதற்கு முன்னால் இரண்டு விஷயம். பத்திரத்தையும் நகர அளவை வரைபடத்தையும் எடுத்து, திண்ணை முழுக்க உங்கள் இடத்துக்குள் இருக்கிறதா, தெருவில் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் புதிதாகக் கதவு போட்டு நீங்களே வம்பை விலைக்கு வாங்காதீர்கள். பத்திரத்தை எடுக்கும்போதே பொதுச்சுவர், நடைபாதை, கூரைத் தண்ணீர் விழும் பாத்தியதை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் படித்துவிடுங்கள். தாய்ப்பத்திரத்தில் இருக்கும், புதுப் பத்திரத்தில் விட்டிருப்பார்கள்.

இரண்டாவது, அங்கே உட்காருகிறவர்கள் யார் என்று நீங்கள் எழுதவில்லை. கோயிலுக்குப் போய்வரும் வயதானவர்கள், பூக்காரம்மா, பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் என்றால் உட்காரட்டும். பகலில் நீங்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் உங்கள் வாசலில் தெரிந்த முகம் ஒன்று இருப்பது பாதுகாப்பு. ராத்திரி குடித்துவிட்டு உட்காருகிறவர்கள் என்றால் அது வேறு. அதற்கு ஒரு நல்ல விளக்கைப் போட்டுவிட்டு, ஆச்சி வீட்டு ஆண்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், தெருவே பார்த்துக்கொள்ளும். சாயங்காலம் கொஞ்ச நேரம் நீங்களும் மகனோடு அந்தத் திண்ணையில் உட்காருங்கள். உங்கள் திண்ணையில் நீங்கள் உட்காராதபோதுதான் அது அடுத்தவர் இடமாகத் தெரிகிறது.

தசராச் சத்தம் குறையாது. ஆயிரத்தம்மன் கோயிலில் தொடங்கி ஊரின் அம்மன் சப்பரங்கள் ராத்திரியில் வீதியுலா வந்து, கடைசியில் எருமைக்கிடா மைதானத்தில் சூரசம்ஹாரம் முடியும்வரை பாளையங்கோட்டை தூங்காது. அடுத்த வருஷம் சென்னையிலிருந்து சொந்தக்காரர்களை அந்த நாட்களுக்குக் கூப்பிடுங்கள். தெருவில் நின்று பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள். மகனுக்குத் தூக்கம் கெட்டால் முற்றத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் படுக்க வையுங்கள், முன்வீட்டுச் சத்தம் அங்கே பாதியாகக் கேட்கும். ஒரு கட்டட விஷயமும் இதில் உண்டு. ஏசியின் வெளிப்பெட்டியைத் தெருப்பக்கச் சுவரில் மாட்டிவிடாதீர்கள். சப்பரம் திரும்பும்போது இடிக்கும்.

ஊரை மகனுக்கு நடத்திக் காட்டுங்கள். கிளாரிந்தா அம்மையார் கட்டிய 1785ஆம் வருஷத்துத் தேவாலயம், மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826இல் கட்டிய ஊசிக்கோபுரத் தேவாலயம், ஊமைத்துரை 1801இல் சிறையிலிருந்து தப்பிப் போன கோட்டையின் மிச்சம், ஆற்றைத் தாண்ட சுலோசன முதலியார் தன் கைப்பணத்தில் கட்டி 1843இல் திறந்த பாலம் எல்லாம் உங்களைச் சுற்றித்தான் இருக்கின்றன. கோபாலசாமி கோயில் மதிலின் அடிப்பகுதியையும் ஊசிக்கோபுரத்தின் சுவரையும் மழை முடிந்ததும் ஒருமுறை பாருங்கள். எங்கே ஈரம் ஏறியிருக்கிறது, எங்கே காய்ந்திருக்கிறது என்று உங்களுக்கே அடையாளம் தெரிய ஆரம்பிக்கும்.

விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெருமாள்புரத்தில் நல்ல வீடுகள் இருக்கின்றன, போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓதம் ஏறிய சுவரோடு மார்கழியில் விற்றால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். அடுத்த ஆவணி வரை இருங்கள். ஆடியில் சுவர் காய்ந்து, பையனுக்கும் மூச்சு சீராக இருந்தால் பூச்சு வேலையைத் தொடங்குங்கள். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் விற்றுவிடுங்கள், அப்போது நான் தடுக்க மாட்டேன்.

கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் திரும்பக் கேட்டு மனஸ்தாபப்பட வேண்டாம். புறவாசல் கான்கிரீட்டை உடைத்து சுவரோர வாய்க்கால் வெட்டுவதற்கு அந்தப் பணம் சரியாக இருக்கும், அந்த வேலை அவருக்கும் தெரியும். வெட்டும்போது பக்கத்தில் நின்று ஆழத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.